இரண்டாம் நம்பர் வண்டி

சோதனைத் திடல், சித்தேரி அடிவாரம்
8 ஜனவரி 2025

வாணி,

"அன்புள்ள" என்று தொடங்கவில்லை என்று கோபிக்காதே. அது இருக்கிறது, எழுதத்தான் நேரமில்லை.

இன்று காலை ஒன்றாம் நம்பர் வண்டி பதினோரு நிமிடம் மேலே நின்றது. எழுபது மீட்டர் உயரம். பக்கத்து இருக்கையில் ஐம்பத்தைந்து கிலோ மணல் மூட்டை. ஒரு நடுக்கம் கிடையாது. திடலுக்கு வெளியே ரோட்டோரம் இறக்கி, விசிறி மாட்டிய நாலு கைகளையும் மடக்கி, கார் மாதிரியே ஓட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். வாட்ச்மேன் நஞ்சப்பன் திறக்கவில்லை. ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், இந்த வண்டி வெளிய போனதா எழுதவே இல்லைங்க. எழுதாத வண்டிய எப்பிடிங்க உள்ள வுடறது?"

"மேலே போச்சுங்க."

"மேல போறதுக்கு ரிஜிஸ்டர்ல கட்டம் இல்லைங்களே!"

கடைசியில் அவரே பேனாவால் ஒரு கட்டம் போட்டார். டெல்லி அதிகாரிகளைவிட இவர் வேகம்.

சனிக்கிழமை ஆனால் உதவிக்கு இருக்கும் இரண்டு பேரும் ஊருக்குப் போய்விடுகிறார்கள். சிக்னல் கிடையாது. அலுவலக லைனில் சோதனை எண்களைத் தவிர வேறு எது சொன்னாலும் எண்பது பேர் கேட்பார்கள். கல்லூரிப் பட்டறையில் ஆறு பேராக இந்தப் பறக்கும் காரைத் தொடங்கியபோது எந்நேரமும் யாராவது கத்திக்கொண்டிருப்போம். அதில் பாதி நீ. இப்போது நான் கத்தினால் மலைதான் திருப்பிக் கத்துகிறது.

வியாழன்தோறும் மாதப்பன் அண்ணன் வேன் வருகிறது. பாகங்களோடு உன் கடிதமும் வர வேண்டும். இரண்டாம் நம்பர் எப்போது வரும்? சீக்கிரம் சொல்.

லியோன்


இண்டூர் ரோடு ஆலை
22 ஜனவரி 2025

அன்புள்ள லியோன்,

பார், எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை.

பொங்கல் வாரம் வேன் ஓடவில்லை, அதனால்தான் தாமதம். அதற்குள் உன் அம்மா எனக்குப் போன் செய்துவிட்டார். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறானாம்மா?" பக்கத்தில் கோயில் இல்லை அத்தை என்று சமாளித்தேன். "அவனுக்கு வூடே பக்கத்துல இல்ல, கோயிலு எங்க இருக்கும்" என்றார். ராஜமேரி அத்தையிடம் என்னால் வாதாட முடியாது. ஒரு ஞாயிறு போய்விட்டு வா.

இரண்டாம் நம்பர் அடுத்த வியாழக்கிழமை லாரியில் ஏறும். இதைப் பட்டறையில் செய்த மாதிரி செய்ய முடியவில்லை. ஒன்றாம் நம்பர் உன் கையில் வளர்ந்தது. எது எங்கே இருக்கிறது என்று உன் விரலுக்குத் தெரியும். இங்கே முப்பத்தெட்டு பேர், யாரும் விமானம் ஏறியது கிடையாது. வரைபடத்தில் இருப்பது மட்டும்தான் எங்கள் வண்டியில் இருக்கும். அதனால் ஒரே கேள்வி: வரைபடத்தில் ஏற்றாமல் ஏதாவது விட்டிருக்கிறாயா? இருந்தால் இப்போதே சொல்.

கை மடங்கும் இடத்தை அமுதவல்லியிடம் கொடுத்திருக்கிறேன். இண்டூர்ப் பெண், ஐ.டி.ஐ. முடித்தவள். ஒரு மூட்டுக்குப் பன்னிரண்டு போல்ட். முறுக்கை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் போல்ட்டின் மேல் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போடுவாள். போல்ட் ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். "இது பறக்குமா மேடம்?" என்று கேட்டாள். பறக்கும் என்றேன். "அப்ப நான் ரெண்டு தடவ பாக்கறங்க" என்று மறுபடி உட்கார்ந்தாள்.

ஜூனில் டெல்லிக் குழு வருகிறது. இரண்டாம் நம்பரும் அதன் பின்னால் வரும் மூன்றாம் நம்பரும் தேறினால்தான் அடுத்த பத்து வண்டிக்கு அனுமதி. மறந்துவிடாதே. உன்னோடு கத்த எனக்கும் இங்கே யாரும் இல்லை.

வாணி


சோதனைத் திடல்
6 பிப்ரவரி 2025

வாணி,

எதுவும் விடவில்லை. எல்லாம் வரைபடத்தில் இருக்கிறது. நான் என்ன முதலாம் ஆண்டு மாணவனா?

உன் இரண்டாம் நம்பர் ஆடுகிறது. திங்கட்கிழமை காலை காற்றே இல்லாத நேரத்தில் தூக்கினேன். பத்து மீட்டரில் பின்பக்க இடது கை உதற ஆரம்பித்தது. குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி உதறல். இறக்கிவிட்டேன். செவ்வாயும் அதே கதை. நேற்று வலது கையும் சேர்ந்துகொண்டது.

அதே வரைபடம், அதே மோட்டார், அதே பாகம். ஒன்றாம் நம்பர் பாறை மாதிரி நிற்கிறது. ஆக வித்தியாசம் ஒன்றுதான், முறுக்கிய கை. மூட்டு போல்ட்டுகள் ஒரே அளவில் முறுக்கப்படவில்லை என்று நேற்றே அறிக்கை அனுப்பிவிட்டேன். ஜூன் வரை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம், உனக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க முடியாது.

அந்தப் பெண்ணை வேறு வேலைக்கு மாற்று. நல்ல பெண்ணாக இருக்கலாம். நல்லவர்களுக்காக வண்டி கீழே விழாமல் இருக்காது.

உன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அது உனக்கே தெரியும்.

லியோன்


இண்டூர் ரோடு ஆலை
19 பிப்ரவரி 2025

லியோன்,

அமுதவல்லியை அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காலை எட்டே காலுக்கு எல்லாரும் வரிசையாக நிற்போம். முந்தின நாள் நடந்த பிழைகளை ஒருவர் வாசிப்பார், யார் செய்தது என்று பெயரோடு. பெயர் வந்தவர் நோட்டில் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். திட்டு கிடையாது, தண்டனை கிடையாது. பிழையை யாரும் மறைக்கக் கூடாது என்பதற்காக நான்தான் கொண்டுவந்தேன். என் பெயரையே ஏழு முறை வாசித்திருக்கிறார்கள்.

உன் அறிக்கை வந்த மறுநாள் அவள் பெயரை வாசித்தார்கள். அவள் பேனாவை வாங்கவில்லை. "செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டங்க" என்றாள். மறுநாளும் வாசித்தார்கள். ஆறு நாள் வாசித்தார்கள். ஆறு நாளும் அதே பதில், அதே குரல். நோட்டை மறுத்தால் வேலை இல்லை என்று எம்.டி. சொல்லிவிட்டார்.

இரண்டாம் நம்பரின் பழைய மூட்டுகளை நீ திருப்பி அனுப்பினாயே, நான் அவற்றை அளந்தேன். நாற்பத்தெட்டு போல்ட்டிலும் மஞ்சள் கோடு உடையவில்லை. முறுக்கு சரியாக இருந்தது. நாற்பத்தெட்டும்.

அறிக்கை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இத்தனை வருடத்தில் அதைக்கூடவா நான் சம்பாதிக்கவில்லை?

வாணி


சோதனைத் திடல்
20 பிப்ரவரி 2025

வாணி,

வேன் திரும்புவதற்குள் எழுதுகிறேன், மாதப்பன் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

பறந்து வந்து உதறிய மூட்டுகளை மேசையில் வைத்து அளந்தால் என்ன தெரியும்? நான் மேலே உட்கார்ந்திருந்தேன். நீ கீழே இருந்தாய். எனக்குத் தெரிந்ததை எழுதினேன். கையெழுத்துப் போட மறுத்தது அவள் பிடிவாதம், அதற்கு நானா பொறுப்பு?

இதில் நட்பைக் கொண்டுவராதே. இது மெக்கானிக்ஸ்.

லியோன்


சோதனைத் திடல்
13 மார்ச் 2025

வாணி,

இரண்டு வேன் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து பாகம் மட்டும் வருகிறது. போன வாரம் பெட்டியின் அடியில் போட்டிருந்த வைக்கோலைக்கூடக் கிளறிப் பார்த்தேன். நஞ்சப்பன், "எலி பூந்திருச்சுங்களா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நல்ல செய்தி. உதறல் போய்விட்டது! மூட்டின் தகட்டுக்கும் கைக்கும் நடுவில் மூன்று மில்லிமீட்டர் ரப்பர் பட்டை வைத்தேன். இரண்டாம் நம்பர் பன்னிரண்டு நிமிடம் நின்றது, ஒன்றாம் நம்பரைவிட ஒரு நிமிடம் கூடுதல். புது வரைபடமும் அனுப்பிவிட்டேன். எம்.டி. லைனில் எல்லாரும் கேட்கும்படி பாராட்டினார். நீயும் கேட்டிருப்பாய்.

இனி ஜூனைப் பற்றிப் பயமில்லை. பத்து வண்டிக்கும் பட்டை வெட்டத் தொடங்கிவிடு. கோபம் போதும். ஒரு வரி எழுது, திட்டியாவது.

அன்புடன் (பார், எழுதிவிட்டேன்)
லியோன்


இண்டூர் ரோடு ஆலை
19 மார்ச் 2025

லியோன்,

ரப்பர் பட்டையின் மாதிரி கிடைத்தது. வரைபடம் கிடைத்தது. வெட்டச் சொல்லிவிட்டேன்.

ஒன்றே ஒன்று எனக்குப் புரியவில்லை. இந்தப் பட்டை இல்லாமல் வண்டி உதறும் என்றால், ஒன்றாம் நம்பர் இரண்டு வருடமாக எப்படி உதறாமல் பறந்தது?

வாணி


சோதனைத் திடல்
3 ஏப்ரல் 2025

வாணி,

ஒரு வரிக் கேள்விக்கு இரண்டு வேனை வெறுமனே திருப்பி அனுப்பினேன். "பதில் குடுங்க தம்பி, அந்தம்மா எம் மூஞ்சியப் பாக்குது" என்று மாதப்பன் அண்ணன் போன வாரம் திட்டிவிட்டுப் போனார்.

ஒன்றாம் நம்பரிலும் பட்டை இருக்கிறது.

2023 ஜூன். பணம் போடுகிறவர்கள் பார்க்க வருவதற்கு முந்தின சனிக்கிழமை. நீ ஊருக்குப் போயிருந்தாய். தூக்கினால் கை உதறியது. எனக்கு உட்கார்ந்து கணக்குப் போடப் பொறுமை இல்லை. என் பைக்கின் பழைய டியூபை பிளேடால் நறுக்கி, மூட்டுகளைக் கழற்றி நடுவில் சொருகி முறுக்கினேன். நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரைபடத்தில் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். திங்கட்கிழமை வந்தவர்கள் கை தட்டினார்கள். நான் மறந்தேன். நிஜமாகவே மறந்தேன் வாணி. விட்டது ஏதாவது உண்டா என்று ஜனவரியில் நீ கேட்டபோதும் எனக்கு அது நினைவில் இல்லை.

மார்ச் ஐந்தாம் தேதி ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றாம் நம்பரின் மூட்டைத் திறந்தேன். கறுப்பாக, இறுகிப்போய், தகட்டோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பார்த்த உடனே எல்லாம் தெரிந்துவிட்டது, சனிக்கிழமை உட்பட. அமுதவல்லியும் நினைவுக்கு வந்தாள். அதன் பிறகுதான் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி வரைபடம் போட்டு அனுப்பினேன். பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். மறந்ததற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை.

உன் நாற்பத்தெட்டு போல்ட்டும் சரி. அவள் சரி. மேசையில் அளந்த நீ சரி. மேலே உட்கார்ந்திருந்த நான்தான் தப்பு.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். செய்கிறேன். அவளுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் இத்துடன் வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு.

லியோன்


இண்டூர் ரோடு ஆலை
9 ஏப்ரல் 2025

லியோன்,

அவளுக்கு நீ எழுதியதைக் கொண்டுபோனேன். இண்டூருக்கு வெளியே ஒரு தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் பறித்துக்கொண்டிருக்கிறாள். வரப்பில் நின்றே படித்தாள். உடன் வேலை செய்கிற பெண்கள் அவளைக் கூப்பிடுவதே "ஏய் ஏரோப்ளேனு" என்றுதான். "எவ்வளவு உயரத்துல இருந்து வுழுந்துச்சு அமுதா உங்க காரு?" என்று ஒருத்தி என் முன்னாலேயே கேட்டாள். வண்டி விழவே இல்லை. ஆனால் ஊரில் விழுந்துவிட்டது.

மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லெட்டரை வெச்சிகிட்டு நான் ஊட்டு ஊட்டுக்குப் போயி காட்டறதுங்களா? எம் பேர எங்க வாசிச்சீங்களோ அங்கயே அவரு பேரையும் வாசிக்கச் சொல்லுங்க. அவரே வாசிக்கட்டும். நான் கேட் கிட்ட நின்னு கேட்டுக்கறன்."

நான் இதில் சேர்க்க ஒன்றும் இல்லை.

வாணி


சோதனைத் திடல்
17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

வாணி,

நீ அங்கேதான் இருந்தாய், எல்லாவற்றையும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். உன்னிடம் பேச எனக்கு வேறு வழி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து, அரூரில் மாறி, தருமபுரியில் மாறினால் நேரத்துக்கு வர முடியாது என்று திங்கட்கிழமை மாலையே இறங்கிவிட்டேன். அம்மா வீட்டில் தங்கினேன். "யார்றா இது?" என்றாள். காரணம் சொன்னேன். "வாசிச்சிட்டு வந்து சாப்புடு" என்றாள்.

முப்பத்தெட்டு பேரையும் நான் அதுவரை பார்த்ததில்லை. அவர்கள் செய்த வண்டியில் உட்கார்ந்து பறந்திருக்கிறேன், ஒரு முகம்கூடத் தெரியாது. நோட்டை வாசித்தேன். "2023 ஜூன், மூட்டில் ரப்பர் வைத்து வரைபடத்தில் ஏற்றாதது, லியோன். 2025 பிப்ரவரி, சரியான வேலையைத் தவறு என்று அறிக்கை எழுதியது, லியோன். 2025 மார்ச், தெரிந்தும் மறைத்தது, லியோன்." மூன்று இடத்தில் கையெழுத்து. மூன்றாவதில் பேனா எழுதவில்லை, யாரோ வேறு பேனா கொடுத்தார்கள்.

அமுதவல்லி கேட்டருகே கூடையோடு நின்றிருந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"டியூப்பு எந்த வண்டியோடதுங்க?"

"என் பைக்குங்க."

"பஞ்சர் ஒட்டுனதா, நல்லதா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்தது. பஞ்சர் ஒட்டியதுதான்.

"திருப்பி முறுக்குனப்ப டார்க் ரெஞ்சு வெச்சீங்களா?"

"இல்லைங்க. கை அழுத்தத்திலேயே."

"ரெண்டு வருசமா அதுலயா பறந்தீங்க! உங்க ஆயுசு கெட்டிங்க சார்" என்றாள். கூடையை வாட்ச்மேன் மேசையில் வைத்துவிட்டுக் கையுறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

எம்.டி. என்னைச் சோதனைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டார். பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். அதுவரை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் நான் ஓட்டலாம். நியாயம்தான்.

நான் வாசித்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீ மட்டும் தலையைத் தூக்கவில்லை. தரையையே பார்த்தாய். பிறகு உன் அறைக்கு வந்தேன், கதவு சாத்தியிருந்தது. உள்ளே டேபிள் ஃபேன் ஓடியது. தட்டினேன். காது கேட்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இன்னும் கோபமா? எத்தனை நாள் என்று சொல்லிவிடு, எண்ணிக்கொள்கிறேன்.

லியோன்


இண்டூர் ரோடு ஆலை
23 ஏப்ரல் 2025

அன்புள்ள லியோன்,

காது கேட்டது.

கோபம் இல்லை. நீ வாசித்த மூன்றும் சரி. நான்காவது ஒன்று இருந்தது, அதை வாசிக்க வேண்டியவள் நான். மறுநாள் காலை வாசித்துவிட்டேன். உனக்கும் சொல்ல வேண்டும்.

"அமுதவல்லியை அனுப்பிவிட்டார்கள்" என்று உனக்கு எழுதியிருந்தேன். அனுப்பியது நான். எம்.டி. வேலைநீக்கத் தாளை நீட்டியபோது, "நீங்க அளந்தீங்களே, என்ன சொல்றீங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். போல்ட்டுகள் சரியாக இருந்ததை நான் என் கையால் அளந்திருந்தேன். அளந்த தாள் என் மேசையில் கிடந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று, லியோன் தப்பாகச் சொல்ல மாட்டான் என்றது. அளவு தப்பாக இருக்கும், ரெஞ்ச் தப்பாக இருக்கும், நான் தப்பாக இருப்பேன், அவன் தப்பாக இருக்க மாட்டான். கையெழுத்துப் போட்டேன். அவள் ஆறு நாள் மறுத்த கையெழுத்தை நான் ஒரு நிமிடத்தில் போட்டேன்.

உன்னை மன்னிப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. பட்டறை நாட்களிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இந்த வண்டியில் நாளை யாரோ குழந்தையோடு ஏறுவார்கள். நான் அளந்ததைவிட உன் வார்த்தை எனக்குப் பெரிதாகப் பட்டால், நான் இந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. வேலையை விடலாமா என்று யோசித்தேன். முப்பத்தெட்டு பேரை விட மனம் வரவில்லை. அப்படியானால் விட வேண்டியது இன்னொன்று.

உன் கடிதம் வந்தால் நான் உன் குரலிலேயே படிக்கிறேன். படித்ததும் நீ சொல்வது சரி என்று ஆகிவிடுகிறது. அதனால் இனி எண்களை மட்டும் அனுப்பு. வரைபடம், தேதி, அளவு. நான் சரிபார்க்கிறேன், ஒவ்வொன்றையும், முன்பின் தெரியாத ஆள் அனுப்பியதைப் போல. உன்னை நம்பாமல் வேலை செய்ய நான் பழக வேண்டும். அது எப்படி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அத்தையை வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். அதை நிறுத்த மாட்டேன். நீ மேலே போகும்போது பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்.

வாணி


சோதனைத் திடல், சித்தேரி அடிவாரம்
15 மே 2025

பெறுநர்: கோகிலவாணி, உற்பத்திப் பொறியாளர், இண்டூர் ரோடு ஆலை
பொருள்: மூன்றாம் நம்பர் வண்டி, முதல் பறத்தல்

மதிப்பிற்குரிய பொறியாளர் அவர்களுக்கு,

மூன்றாம் நம்பர் வண்டி 12.05.2025 காலை 6.10க்குப் பறந்தது. மேலே நின்ற நேரம் பதினான்கு நிமிடம். உயரம் எழுபது மீட்டர். காற்று மிகக் குறைவு. நான்கு மூட்டிலும் உதறல் அனுமதித்த அளவில் கால்வாசிக்கும் கீழே. அளவுகள் இணைப்பில் உள்ளன. கருவியின் அளவுச் சான்றும் வைத்திருக்கிறேன். மூலப் பதிவையும் அனுப்புகிறேன், நீங்களே கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ள வசதியாக.

பறத்தலுக்கு முன் நான்கு மூட்டுகளையும் திறந்து பார்த்தேன். வரைபடத்தில் உள்ளது மட்டுமே இருந்தது. வரைபடத்தில் உள்ளது எல்லாம் இருந்தது. நாற்பத்தெட்டு போல்ட்டையும் ரெஞ்ச் வைத்து முறுக்கிக் கோடு போட்டுவிட்டேன். என் கோடுகள் வெள்ளை, ஆலையின் கோடுகளோடு குழம்பாமலிருக்க.

வானம் தெளிவாக இருந்தது. மேலிருந்து அரூர் ரோடு வரை தெரிந்தது. அதற்கு அப்பால் தெரியவில்லை.

இருக்கை பெல்ட் இரண்டு முறை சரிபார்க்கப்பட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் போட்டு மாதப்பனிடம் கொடுத்தனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ச. லியோன்
சோதனை ஓட்டுநர்